நடந்தது எதையும் சொல்லக் கூடாது

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, இந்தப் பைய மடியிலதான் வச்சுக்குவேன். மேல வைக்கச் சொல்லி கண்டக்டரும் சொல்லிப் பாத்துட்டாரு. மேல வச்சுட்டு நான் கண்ணசந்தா எவன் எடுப்பான்னு யாருக்குத் தெரியும்? உங்களச் சொல்லல. ஆனா பஸ்ஸுல இம்புட்டு சீட்டு காலியாக் கெடக்கு, நீங்க தேனில ஏறி நேரா வந்து எம் பக்கத்துல உக்காந்தீங்க. அதான் கேக்குறேன். எந்த ஊரு?

கடக்கரைப் பக்கமா? அங்கருந்து இங்கிட்டு என்ன சோலி? அக்கா வீடா. சரி, சரி. அக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போறவுக மேல நாம என்ன சொல்ல முடியும்.

முன்னாடி ஒருத்தன் இப்படித்தான் வந்தான். வெத வியாபாரின்னு சொன்னான். டீக்கடையில பக்கத்துல உக்காந்து, இங்க ரேடியோ எடுக்குமாண்ணேன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டான். நானும் வாய வச்சுக்கிட்டு இருக்காம, நம்ம ரேடியோதாம்ப்பா அதுன்னு அம்புட்டையும் கக்கிட்டேன். அவன் போன கொஞ்ச நாள்லயே டெல்லில இருந்து நோட்டீசு வந்துருச்சு. நீங்களே சொல்லுங்க, வெத விக்கிறவனுக்கு ரேடியோ எதுக்கு?

ஆமா, ரேடியோதான். மைக் செட்டு தவமணின்னா எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். சங்கிலிபட்டி. கம்பத்துக்கு மேக்க, கேரளாவுக்கு மலையேறுற மெட்டு ரோடு ஆரம்பிக்கிற எடத்துல இருக்கு. முதல்ல கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் நாலு பேரு சேந்து அறக்கட்டளை வச்சு, சமுதாய வானொலின்னு விண்ணப்பம் போட்டோம். நூறு வாட்டு. குண்டு பல்பு ஒண்ணு எரியுற கரண்டு, அவ்வளவுதான். அதுக்கு அனுமதி வாங்குறதுக்குள்ள என் தல நரைச்சுப் போச்சு. போலீசு வந்து விசாரிச்சாக. பின்னாடியே உளவுத்துறைல இருந்து ஒருத்தர் வந்து எங்க தெருவுல நின்னு நான் எப்படின்னு கேட்டாரு. ஏரியல் எம்புட்டு உசரம்னு அளந்தாக. மத்தவுக சலிச்சுக்கிட்டாக. எனக்குச் சலிக்கல. சர்க்காரு என்னைய இம்புட்டு சந்தேகப்படுதுன்னா நானும் ஒரு ஆளுன்னுதான அர்த்தம்?

எங்க ஊருப் பொம்பளைக பாதிப் பேரு கேரளாவுல ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவுக. விடியுறதுக்கு முன்னாடி ஜீப்பு வரும். ஒரு ஜீப்புல எத்தன பேரு ஏறுவாகன்னு கேக்காதீங்க, ஏறுவாக. மெட்டு ரோடு வளஞ்சு வளஞ்சு மேல போகும். நம்ம ரேடியோ அதுல பாதி வளைவு வரைக்கும் எடுக்கும். அந்த ஜனத்துக்காகத்தான் காலையில முதல் நிகழ்ச்சி வச்சோம். அதச் சொல்றதுக்கு பஞ்சவர்ணம்னு ஒரு பொண்ணு. அவளும் தோட்டத்துல காய் எடுத்தவதான். இடுப்பு வலின்னு நின்னுட்டா. படிப்பு ரொம்பக் கெடையாது, ஆனா குரல் நல்லா இருக்கும். அவ மைக்குல பேசுனா பக்கத்து வீட்டுல இருந்து பேசுற மாதிரி இருக்கும். மெட்டுல மழை பெய்யுது, எந்தத் தோட்டத்துல இன்னைக்கு ஆளு வேணாம், செக்போஸ்ட்டுல கூட்டமா இருக்கு, இப்படி எல்லாத்தையும் சொல்லுவா. ஜீப்புக்காரய்ங்க அவ சொல்லக் கேட்டுத்தான் வண்டிய எடுப்பாய்ங்க.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் அந்த நோட்டீசு. உங்க வானொலியில செய்தி வாசிக்கிறதாத் தெரிய வருது, சமுதாய வானொலி செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணில வர்றத அப்படியே எடுத்துப் போடலாமே ஒழிய நீங்களாப் பேசக் கூடாது, மறுபடி நடந்தா அனுமதி ரத்து. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காலை ஏழு மணிக்கு உள்ளூர்ச் செய்தின்னு நான்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். தாசில்தார் மாறிட்டாரு, ஊருணியில தண்ணி வந்துருச்சு, இப்படி. யாருக்கும் கெடுதல் இல்ல. ஆனா எங்க ரேடியோ பாதி மெட்டத் தாண்டி எடுக்காது. டெல்லிக்கு எப்படித் தெரியும்? உள்ளூருக்காரன் எவனோ போட்டுக் குடுத்திருக்கான். வேற வழியே இல்ல.

அப்பத்தான் ஆண்டு விழாவ ஜாம்ஜாம்னு நடத்தி முடிச்சிருந்தோம். பத்திரிகை அடிச்சதே கல்யாணப் பத்திரிகை கணக்கா இருக்கும், மஞ்சத் தடவி, பிள்ளையார் போட்டு. பின்பக்கம் பூரா நம்ம நிகழ்ச்சிக. காலை ஏழு மணி, உள்ளூர்ச் செய்திகள், வாசிப்பவர் தவமணின்னு கொட்ட எழுத்துல போட்டேன். பத்திரிகைன்னு அடிச்சா ஒருத்தருக்கும் முறை விட்டுப் போகக் கூடாதுல்ல? கலெக்டருக்கு வச்சேன். அனுமதி குடுத்த டெல்லி ஆபீசுக்கும் பதிவுத் தபால்ல அனுப்பி, குடும்பத்தோட வரணும்னு கைப்பட எழுதினேன். எம்புட்டு மரியாதையா நடந்துக்கிட்டேன் பாருங்க. அப்படிப்பட்டவன எவன் மாட்டி விட்டான்னுதான் இன்னைய வரைக்கும் யோசிக்கிறேன்.

முதல் சந்தேகம் கேபிள் ராசாங்கம் மேல. உள்ளூர் சேனல் நடத்துறான். நம்ம ரேடியோ வந்ததுல இருந்து ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் நம்ம பக்கம் வந்துருச்சு. வயித்தெரிச்சல் இருக்காதா? ஆண்டு விழாவுக்கு மாலையோட வந்து எனக்குப் போட்டான். அதுவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. போட்டி போடுறவன் எதுக்கு மாலை போடுறான்?

வெத வியாபாரியும் ராசாங்கமும் கூட்டாக்கூட இருக்கலாம்.

அன்னைல இருந்து நான் முழிச்சுக்கிட்டேன். ரேடியோவுல வேல பாக்குற எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன். இனிமே இங்க நடந்தது எதையும் சொல்லக் கூடாது. நடந்துட்டா அது செய்தி. செத்தது செய்தி. பொறந்தது செய்தி. பொறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லலாம், அது வாழ்த்து. மழை பெய்யணும்னு சாமி கும்பிடலாம், மழை பெஞ்சுச்சுன்னு சொல்லப்படாது. "நேத்து"ங்குற வார்த்தையே மைக்குல வரக் கூடாது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாக. பஞ்சவர்ணம் மட்டும் கேட்டா.

"அப்ப ஜீப்பு நிகழ்ச்சில என்னண்ணே சொல்றது?"

"வணக்கம் சொல்லு. பாட்டுப் போடு."

"மெட்டுல மழைன்னா?"

"மழைன்னா அவுக நனையும்போது தெரிஞ்சுக்குவாக."

சிரிச்சா. சிரிச்சிட்டு, சரிண்ணேன்னு போய்ட்டா. அந்தச் சிரிப்பு எனக்கு அப்பவே சரியாப் படல. மறுநாள்ல இருந்து நான் காலையில நிலையத்துலயே போயி உக்காந்துருவேன். அவளுக்குப் பின்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்து என்ன பேசுறான்னு கவனிப்பேன். வணக்கம் சொல்லுவா, பாட்டுப் போடுவா. ஒரு வார்த்தை தப்பா வராது. எனக்கு அதுவும் சந்தேகந்தான். இம்புட்டு அடக்கமா ஒருத்தி எதுக்கு இருக்கணும்?

இப்ப நான் சொல்றது அப்ப எனக்குத் தெரியாது. பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. கேளுங்க. எனக்குத் தெரியாம அவ ஜீப்புக்காரய்ங்களோட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கா. முருகன் பாட்டுப் போட்டா ரோடு நல்லா இருக்கு, கெளம்பி வாங்க. மழைப் பாட்டுப் போட்டா வண்டிக்குப் படுதா கட்டிக்கங்க. தாலாட்டுப் போட்டா ரோடு சரியில்ல, கெளம்பாதீங்க, படுத்துத் தூங்குங்க. ஊரு பூரா இது தெரிஞ்சிருக்கு தம்பி. தோட்டத்துக்குப் போற கெழவிக்குத் தெரியும். ரேடியோ நடத்துற எனக்குத் தெரியல. என் முதுகுக்குப் பின்னாடி, இல்ல, என் கண்ணு முன்னாடியே செய்தி வாசிச்சிருக்கா, பாட்டுல!

ஒருநா விடியக்காலம் தாலாட்டு ஓடுது. இந்நேரத்துக்கு எவளாவது தாலாட்டுப் போடுவாளான்னு கேட்டேன். புள்ளத்தாச்சிப் பொம்பளைக கேட்டாகண்ணேன்னு சொன்னா. நான் நம்பிட்டேன். என்னைய மாதிரி வெள்ளந்தி யாரு இருக்கா சொல்லுங்க.

அந்த ஐப்பசி மாசத்துலதான் அது நடந்துச்சு. அதுக்கு முந்தின நாளு சாயங்காலம் ராசாங்கம் சேனல்ல கேமரா புடிக்கிறவனும் பஞ்சவர்ணமும் டீக்கடை ஓரத்துல நின்னு பேசிக்கிட்டு இருந்தத என் கண்ணால பாத்தேன். என்னன்னு கேட்டதுக்கு, அவன் சம்சாரம் தோட்டத்துக்கு வரலாமான்னு கேட்டான்னு சொன்னா. சரின்னு விட்டுட்டேன். ஆனா மனசுல முடிச்சுப் போட்டு வச்சுக்கிட்டேன். ராத்திரி பூரா மழை. காலையில நிலையத்துக்கு வர்றா, தல பூரா நனஞ்சு, மூச்சு வாங்குது. செருப்பக் கூட கழட்டல. நேரா மைக்குக்கிட்டப் போயி, "எல்லாரும் கேளுங்க, மெட்டு ரோட்டுல..."ன்னு ஆரம்பிச்சுட்டா.

நான் ஒரே தாவுல போயி மைக்கோட சத்தத்த இறக்கிட்டேன். மைக் செட்டுக் கையி, அதெல்லாம் வேகமா வேலை செய்யும். முழு வாக்கியம் வெளிய போகல. ஒரு வார்த்த கூடுதலாப் போயிருந்தா அம்புட்டுத்தான்.

"என்னண்ணே பண்றீக? மேல இருந்து போன் வந்துச்சு. மூணாவது வளைவுல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டக் காணாம். ஜீப்பெல்லாம் கெளம்பிக்கிட்டு இருக்கு."

"யாரு போன் பண்ணது?"

"மேல டீக்கடைக்காரரு."

"நீ பாத்தியா?"

"நான் எப்படிப் பாப்பேன்? இங்கதான இருக்கேன்."

"பாக்காதத எப்படிச் சொல்லுற? பாத்திருந்தாலும் சொல்லப்படாது."

எனக்கு உடனே விளங்கிருச்சு. முந்தின நாளு அந்தக் கேமராக்காரன்கூடப் பேச்சு. இன்னைக்கு மண்ணு சரிஞ்சுச்சுன்னு ஓடி வர்றா. நான் அவசரத்துல மைக்க விட்டுருவேன், செய்தி வெளிய போகும், எங்கயோ ஒருத்தன் அதப் புடிச்சு வச்சு டெல்லிக்கு அனுப்புவான். அனுமதி போச்சு. அருமையாத் திட்டம் போட்டிருக்காய்ங்க. மண்ணு சரிஞ்சதே பொய்யின்னுதான் அப்ப நெனச்சேன்.

அவ அழுக ஆரம்பிச்சுட்டா. "சரிண்ணே, பேசல. ஒரு வார்த்த பேசல. அந்தத் தாலாட்ட மட்டும் போட்டு விடுங்க"ங்குறா. கையப் புடிச்சுக் கெஞ்சுறா. நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன் தம்பி, யோசிக்காம இல்ல. எதுக்கு இவ இந்தத் தாலாட்டுக்கு இப்படி அழுகுறா? இதுல என்னமோ இருக்கு. அதனால தாலாட்டு கெடையாதுன்னு சொல்லிட்டேன். சும்மா விட்டா ரேடியோ ஊமையாப் போயிரும்னு, ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாதபடி முருகன் பாட்டுப் போட்டேன். சாமி பாட்டுல என்ன குத்தம் வந்துரப் போகுது?

அத மட்டும் வேணாம்ணேன்னு ஒரு கத்துக் கத்தினா பாருங்க. அப்பயும் அவ ஏன்னு சொல்லல. இல்ல, சொன்னா. என்னமோ சொன்னா. பாட்டு ஓடுதுல்ல, நான் சரியாக் கேக்கல. போன எடுத்துக்கிட்டு வெளிய ஓடுனா. ஒவ்வொரு ஜீப்புக்காரனுக்கா போட்டுக்கிட்டு இருந்தா. ரெண்டு வண்டி திரும்பிருச்சு. செவனாண்டி ஜீப்பு மட்டும் மெட்டு ஏறிருச்சு, அங்க டவர் எடுக்காது. ஆனா நம்ம ரேடியோ எடுக்கும். அதுதான் நம்ம ரேடியோ. நல்லாத் தெளிவா எடுத்திருக்கு.

வளைவுல திரும்புனவன் ரோட்டக் காணாம்னு பிரேக்க மிதிச்சிருக்கான். ஈரம். வண்டி சரிஞ்சு கீழ உருண்டுருச்சு. உசுருக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகல, அதக் கவனிங்க. கை, கால்தான். பெரிய அடி ஒருத்தருக்குத்தான். எங்க மதினிக்கு.

சொந்த மதினிதான். எங்க அண்ணன் பொண்டாட்டி, ஒச்சம்மா. எங்க ஆத்தா போனப்புறம் எனக்குச் சோறு போட்டு ஆளாக்குனதே அவுகதான். எங்க ரேடியோவுல முதன்முதல்ல பாடுனதும் அவுகதான், விளக்கேத்தி வச்சு. தோட்டத்துக்குப் போக வேணாம் மதினின்னு எத்தனையோ தரம் சொல்லிட்டேன், கேக்கல. வண்டி அவுக கால் மேல கெடந்திருக்கு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாக.

அவுக அந்த ஜீப்புல இருக்காகன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா? தெரிஞ்சிருந்தாலும் சட்டம் சட்டந்தான. மதினிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு நடத்த முடியுமா? மண்ணு நெசமாவே சரிஞ்சிருந்துச்சுங்குறது வேற. அத நான் எப்படி அறிவேன்?

அந்தப் பாட்டு ஏற்பாடு அப்புறந்தான் வெளிய வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல செவனாண்டி தலையில கட்டோட உக்காந்து அழுகுறான். முருகன் பாட்டுப் போட்டாகளே, முருகன் பாட்டுப் போட்டாகளேன்னு அதையே சொல்றான். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. எம்புட்டு பெரிய சதி பாருங்க. யாரக் கேட்டு ஏற்பாடு பண்ணாய்ங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற பாட்டுப் போட்டிருப்பேன்ல? இப்ப ஊரே என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்புது. பஞ்சவர்ணத்த ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல.

அவ அன்னைக்கே நின்னுட்டா. காலை நிகழ்ச்சிக்கு ஆளு கெடைக்கல. நான்தான் போயி வணக்கம் சொல்லிட்டுப் பாட்டுப் போடுறேன். ஜீப்புல ஒருத்தனும் ரேடியோ வைக்கிறதில்ல. இதுலயும் ராசாங்கம் வேலை இருக்கும், விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மதினி எங்க வீட்டுலதான் இருக்காக. அண்ணன் செத்துப் போய்ட்டாரு, வேற எங்க போவாக? எங்கூடப் பேசுறதில்ல. என் வீட்டுக்காரி சோறு போட்டா சாப்புடுவாக. நான் உள்ள வந்தா செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாக. ஒருநா நானே கஞ்சி கொண்டுபோயிக் குடுத்தேன். தட்டத் தள்ளல, வாங்கி ஓரமா வச்சுட்டாக. தள்ளியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அந்தப் பஞ்சவர்ணம் வந்து வந்து பக்கத்துல உக்காந்து பேசிட்டுப் போறா. அவதான் மனச மாத்துறா. இல்லாட்டி எங்க மதினி அப்படிப்பட்டவுக இல்ல. என்னையத் தூக்கி வளத்த கையி.

இப்ப அனுமதி முடியப் போகுது. புதுப்பிக்கணும். மெட்ராசுல கூட்டம், டெல்லிக்காரவுக வர்றாக. இந்தப் பையில இருக்குறது ரேடியோவுல போனதோட பதிவு. மூணு மாசத்துப் பதிவ வச்சிருக்கணும்னு சட்டம், நான் நோட்டீசு வந்த நாள்லேர்ந்து எல்லாத்தையும் அழிக்காம வச்சிருக்கேன். போட்டுக் காட்டுவேன். பாருங்கய்யா, மண்ணு சரிஞ்ச அன்னைக்குக்கூட எங்க ரேடியோவுல ஒரு வாக்கியம் முழுசாப் போகல. எங்க வீட்டு ஆளே அந்த வண்டியில. அப்பயும் நான் செய்தி வாசிக்கல. இந்தியாவுல இப்படி இன்னொருத்தன் காட்டுங்கன்னு கேப்பேன். அனுமதி கெடச்சிருச்சுன்னா போதும். அன்னைக்கு நான் செஞ்சது சரின்னு சர்க்காரே சொன்ன மாதிரி. அந்தத் தாளக் கொண்டுபோயி மதினி முன்னாடி வைப்பேன். அதுக்கப்புறம் அவுக எங்கூடப் பேசித்தான ஆகணும்?

என்ன தம்பி, ஒரு மாதிரியாப் பாக்குறீங்க. சொல்லுங்க, பரவாயில்ல.

உங்க ஊர்லயும் ரேடியோ இருக்கா? நம்மள மாதிரியேவா? நூறு வாட்டா?

என்ன சொல்லுவாக?

கடல் கொந்தளிப்பா இருக்கு, படகு எடுக்காதீகன்னா? நேராவா? பாட்டுல இல்லாம, மைக்குலயே? தெனமுமா?

அப்ப நோட்டீசு வந்திருக்குமே. வரலையா? மழை, காத்து, ரோடு, கரண்டு நின்னது, இதெல்லாம் சொல்லலாமா? அது செய்தில சேராதா? யாரு சொன்னது? டெல்லிக்காரவுகளே வந்து சொன்னாகளா? புயல் நேரத்துல அதச் சொன்னதுக்காக மேடையில ஏத்திச் சால்வை போட்டாகளா?

இருங்க. இருங்க. நீங்க யாரு? உண்மையச் சொல்லுங்க. அக்கா வீடெல்லாம் சும்மா. ராசாங்கம்தான உங்கள அனுப்புனான்? கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி என் மனசக் கலைக்கச் சொல்லித்தான? கண்டக்டர்! கண்டக்டரே, எனக்கு வேற சீட்டுக் குடுங்க. இந்தாளு பக்கத்துல நான் உக்கார மாட்டேன்.

இல்ல. எந்திரிக்காதீங்க. உக்காருங்க தம்பி.

நீங்க சொல்றது நெசமா இருந்தா, அன்னைக்கு அந்தப் பொண்ணு முழுசாவே சொல்லியிருக்கலாமே. ஒரு வாக்கியந்தான. சொல்லியிருந்தா எங்க மதினி...

நீங்க பொய் சொல்றீங்க. பொய்தான? உங்க ஊர்ல ரேடியோவே கெடையாது. எங்கூட வெளையாடுறீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன் தம்பி, சத்தியமாக் கோவிச்சுக்க மாட்டேன். பொய்னு மட்டும் சொல்லிருங்க.